தப்பான மூன்றாவது வரி

வயலின் மாஸ்டர் தன் மனைவியை "நர்ஸம்மா" என்று கூப்பிட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிவிட்டது. முதல் நாள் அவள் அழுதாள். அப்புறம், நர்ஸுக்காவது 'நீங்க' என்று மரியாதை கிடைக்கிறதே என்று மகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டாள். ஆனாலும் ஒரே ஒரு தடவை தன்னை அடையாளம் தெரிந்து ஒரு வார்த்தை பேசிவிடமாட்டாரா என்ற ஏக்கம் மட்டும் அவளை விடவில்லை.

மறதி நோய்க்காரர்களுக்கான பகல்நேர இல்லத்தில் புதன்கிழமைதோறும் பாட்டு. வட்டமாக நாற்காலிகள், நடுவே கீபோர்டோடு பாட்டு டீச்சர். வீட்டில் வாயே திறக்காத தையல்காரர் ஒருவர் அங்கே தொடையைத் தட்டித் தாளம் போடுவார். மாஸ்டர் மட்டும் அசையமாட்டார். டீச்சருடைய வாசிப்பு படுசுத்தம். அதில் திருத்த அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அன்றைக்கு டீச்சர், கூட வந்து உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவியைப் பாடச் சொன்னாள். அவளுக்குப் பகீரென்றது. கல்யாணமான புதிதில் அவள் பாடக் கேட்டு, "வீட்டோட பாடிக்கோ தாயே, வெளியில நான் தொழில் பண்ணணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டவர் அவர். மகளுக்காக அவரே மெட்டுப் போட்ட தாலாட்டைக்கூட, மூன்றாவது வரியில் இறங்கவேண்டிய இடத்தில் ஏறி, வருஷக்கணக்காகத் தப்பாகவே பாடித் தூங்கவைத்தவள் இவள்.

பதற்றத்தில் வேறு பாட்டு ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்தாள். மூன்றாவது வரியில் வழக்கம்போல ஏறினாள்.

"அங்க ஏறாத, இறங்கு," என்றார் மாஸ்டர். "நாப்பது வருஷமா சொல்றேன். ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

அவள் மறுபடி பாடினாள், மறுபடி ஏறினாள். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, இடது கை விரல்களால் முழங்காலில் சுரம் பிடித்துக் காட்டி, அந்த வரியைத் தானே பாடினார். குரல் கரகரத்தது, சுருதி இம்மியும் பிசகவில்லை. தையல்காரர் விடாமல் தாளம் போட்டார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை சந்தோஷமாக அவள் திட்டு வாங்கியதே இல்லை.

வீடு திரும்பும்போது அவர் மறுபடி நர்ஸம்மா என்றார். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. விஷயத்தைக் கேட்ட மகள், அடுத்த புதனுக்குள் அந்த வரியைச் சரியாகச் சொல்லித் தருவதாக ஃபோனில் சொன்னாள்.

"போடி, உன் வேலையப் பாரு," என்றாள் அம்மா. "நான் சரியாப் பாடினா அவருக்கு என்னை எப்படித் தெரியும்?"