லாரிக்கு வைத்த பொட்டு

ஓடவே ஓடாத வண்டி நல்ல வண்டி, கண்ணுகளா. என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் ஓடி, நடுவழியில் நின்று, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறதே, அந்த வண்டிதான் ஆளைக் கொல்லும். ஒலி முகம்மதுவின் பழைய லாரி அந்த ரகம்.

சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் சியோனான் என்று பேர் மாற்றி வைத்திருந்த காலம். ஒலி முகம்மதுவும் அவர் மனைவி ஜரீனாவும் ஃபேரர் பார்க் திடலுக்குப் பின்னால் ஒரு ஒட்டுக் கொட்டகையில் குடியிருந்தார்கள். விடிந்ததும் அவர் லாரியைக் கிளப்பிக்கொண்டு சிராங்கூன் சாலை வழியாகப் பொங்கோலுக்குப் போவார். அங்குள்ள தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கும் கீரையும் ஏற்றிவந்து பட்டாளத்துக் கிடங்கில் இறக்குவார். அந்த வேலை இருக்கும்வரை அவர் கையில் பட்டாளத்து வேலைச் சீட்டு இருக்கும். சீட்டு இல்லாத ஆண்பிள்ளைகளைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜரீனாவின் தம்பி அப்துல் அலீமை அப்படித்தான் கூட்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். போனவன் போனவன்தான், ஒரு தகவலும் இல்லை.

லாரியில் கூடப் போகிறவர் ஏரம்பமூர்த்தி, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் இருந்தவரை துறைமுக ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். ஆபீஸ் மூடியதும் கிழங்கு மூட்டை தூக்க வந்துவிட்டார். சட்டையில் பித்தானெல்லாம் போய்விட்டது, அந்த இடங்களில் ஊக்கு குத்தியிருப்பார். இருந்தாலும் சட்டை போடாமல் வேலைக்கு வந்ததில்லை. ஒலி முகம்மதுவுக்கு அவர் 'கிராணி'. அவருக்கு இவர் 'நானா', முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறைப்படி.

ஆயுத பூசை முடிந்த வாரத்தில்தான் லாரி மக்கர் பண்ண ஆரம்பித்தது. அதே வாரத்தில் கிடங்கில் புதுப் பீப்பாயிலிருந்து பெட்ரோல் ஊற்றினார்கள். அதில் ரப்பர் எண்ணெய் கலந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் ஒலி முகம்மது முதலில் பெட்ரோலைத்தான் வைதார். குழாயைக் கழற்றி ஊதினார். கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தார். பிளக்குகளைச் சுரண்டிப் பார்த்தார், பொறி பளிச்சென்று வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, வண்டிதான் சரியாக இல்லை.

காலையில் நல்ல பிள்ளை மாதிரி, முன்னால் செருகிச் சுற்றுகிற முதல் ஹேண்டிலுக்கே கிளம்பும். மேல் சிராங்கூன் சாலை ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு முறை இருமும், பிறகு நின்றுவிடும். எத்தனை ஹேண்டில் போட்டாலும் அசையாது.

"காயில் சூடேறுது கிராணி. அதான் படுத்துக்குது" என்று முடிவு கட்டினார் ஒலி முகம்மது. ஒரு துணியை நனைத்து, பிளக்குக்குப் பொறி அனுப்புகிற அந்தக் காயிலின்மேல் சுற்றுவார். அந்த நேரத்தில் ஏரம்பமூர்த்தி சும்மா நிற்கமாட்டார். பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளந்து பார்ப்பார். ஆபீஸில் எதையும் அளந்து எழுதியே பழகிய கை.

"பெற்றோல் இருக்குது நானா, பாதிக்கு மேல."

"இருக்கட்டும், மூடுங்க. துணி குளுந்துருச்சு, ஹேண்டில் போடுங்க."

போட்டால் கிளம்பிவிடும். "பாத்தீங்களா, ஈரத் துணி வைத்தியம்!" என்பார் ஒலி முகம்மது. அடுத்த இரண்டு கல் தொலைவில் மறுபடி நிற்கும்.

இப்படி நின்று நின்று போனதில் கிடங்குக்குச் சரக்குத் தாமதமாகப் போனது. கிடங்கு அதிகாரி ஒருநாள் மொழிபெயர்க்கிற ஆளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னான்: நாளைக்கு எங்கள் சிப்பாய் ஒருவன் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். வண்டி உண்மையில் கெட்டதா, நீ பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறாயா என்று அவன் பார்ப்பான். வண்டி நேரத்துக்குத் திரும்பாவிட்டால் லாரி எங்களுக்கு. நீ சயாமுக்கு.

அன்று வீட்டில் ஜரீனா அவித்த கிழங்கை இலையில் வைத்துவிட்டு, தம்பியின் பழைய கைலியை எடுத்துத் துவைக்கப் போட்டாள். அது ஏற்கெனவே துவைத்து மடித்து வைத்திருந்த கைலி.

மறுநாள் சிப்பாய் வந்தான். வயது அதிகமிராது, முகத்தில் தூக்கம் இருந்தது. லாரியில் ஏறுமுன் பெட்ரோல் தொட்டி மூடியைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "டமே!" என்றான். தொடக்கூடாது என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்துப் பழைய லாரியில் பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கும் தெரியுமா? முன் கண்ணாடிக்கு நேர் கீழே. மூடி நட்டநடுவில், ஒரு முகத்துக்கு நெற்றி இருக்கிற இடத்தில் இருக்கும். பெட்ரோல் அங்கிருந்து தானாக என்ஜினுக்கு இறங்கும்.

ஏரம்பமூர்த்தி பின்னால் ஏறிக்கொண்டார். பொங்கோல்வரை போகவில்லை. மாதா கோயில் திருப்பத்திலேயே லாரி இருமியது. ஒலி முகம்மது "யா அல்லா" என்று வாய்க்குள் சொன்னார். நின்றுவிட்டது.

இறங்கினார், துணியை நனைத்தார், காயிலில் சுற்றினார். ஏரம்பமூர்த்தி ஹேண்டில் போட்டார். ஒன்றுமில்லை. மறுபடி நனைத்தார், மறுபடி போட்டார். காயில் ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது. வண்டி மூச்சுவிடவில்லை. சிப்பாய் இறங்கி வந்து கத்தினான். ஒலி முகம்மதுவின் கன்னத்தில் ஒன்று விட்டான்.

"வைத்தியம் பலிக்கேல்ல நானா" என்றார் ஏரம்பமூர்த்தி மெல்ல. அவருக்கு மூச்சு வாங்கியது.

கன்னத்தைத் தடவிக்கொண்டே ஒலி முகம்மது யோசித்தார். தினமும் பலித்தது இன்றைக்கு ஏன் பலிக்கவில்லை? தினமும் செய்கிற எதை இன்றைக்குச் செய்யவில்லை? ஈரத் துணி வைத்தாயிற்று. ஹேண்டில் போட்டாயிற்று. கிராணி குச்சிவிட்டு அளக்கவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

அவர் பார்வை மூடிக்குப் போனது. மூடியின் நடுவில் வட்டமாக மஞ்சள் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஏரம்பமூர்த்தி ஆயுத பூசைக்கு வைத்தது. போன வருஷமும் வைத்திருந்தார். "வண்டிக்கு நீங்க பொட்டு வைங்க, நான் துஆ ஓதிக்கிறேன். ரெண்டு பக்கமும் காவல் இருக்கட்டும் லா" என்று ஒலி முகம்மதுவே சொல்லியிருக்கிறார். சக்கரம், ஸ்டியரிங், ஹேண்டில், எல்லாவற்றிலும் வைத்திருந்த பொட்டு உதிர்ந்து போயிருந்தது. வெயிலடிக்கிற இந்த நெற்றியில் மட்டும் எனாமல் பூசியதுபோல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கிராணி, இந்தப் பொட்ட எதுல வச்சீங்க?"

"என்ன கேள்வி நானா இந்த நேரத்தில? சந்தனத்திலதான்."

"சந்தனம் இப்ப எந்தக் கடையில கெடைக்குது?"

ஏரம்பமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். "கிடைக்கேல்ல. குணமணிதான் மரவள்ளி மாவில மஞ்சளைப் போட்டுக் காய்ச்சித் தந்தவ. சந்தனம் இல்லையெண்டு சொன்னால் நீங்கள் மனம் நோவியளெண்டு சொல்லேல்ல."

குணமணி அவர் மனைவி.

"அட மனுசா! பசையக் காச்சில்ல ஒட்டியிருக்கீங்க! மூடி நடுவுல காத்துப் போற ஓட்டை இருக்குல்ல? எண்ணெ டின்னுல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெ எறங்குமா? இன்னொரு ஓட்டை வேணாமா? நெத்தின்னு நெனச்சு மூக்குல வச்சிட்டீங்களே!"

மூடியைத் திறந்த போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, பெட்ரோல் இறங்கியிருக்கிறது. பெருமை மட்டும் ஈரத் துணிக்குப் போயிருக்கிறது.

ஒலி முகம்மது மூடியை நோக்கிக் கை நீட்டினார். "டமே!" என்று துப்பாக்கிக் கட்டை குறுக்கே வந்தது. ஏரம்பமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ர கையால உங்களைச் சயாமுக்கு அனுப்பிப் போட்டன் நானா."

"அழுவாதீங்க. சாமி கும்பிடுங்க."

"இஞ்சையோ?"

"இங்கதான். அந்தப் பொட்டுக்கு முன்னால நின்னு நல்லா குனிஞ்சு கும்பிடுங்க. கும்பிட்டுக்கிட்டே சட்டை ஊக்க எடுத்து நடுவுல குத்துங்க."

ஏரம்பமூர்த்தி சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய்க்கு முதலில் ஒரு பெரிய கும்பிடு போட்டார், இடுப்பு ஒடிய. பிறகு மூடியைக் காட்டி, வானத்தைக் காட்டி, மூடிக்கு ஒரு கும்பிடு போட்டார். தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் தன் முன்னால் குனிய வைத்துப் பழகியவனுக்கு, தன்னை விட்டு ஒரு மூடிக்குக் குனிகிறவனைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தி ஓரடி பின்வாங்கினான். ஏரம்பமூர்த்தி தேவாரம் ஒன்றை உரத்த குரலில் எடுத்தார். அவருக்குக் குரல் நன்றாகவே இருக்கும்.

"பாட்டு போதும், குத்துங்க" என்றார் ஒலி முகம்மது, பக்தியாக முகத்தை வைத்துக்கொண்டு.

"இறுகிப் போய்க் கிடக்குது."

"அண்ணி கைப்பசை அப்புடி. அழுத்துங்க."

ஊக்கு வளைந்தது. ஏரம்பமூர்த்தி இன்னொரு ஊக்கை எடுத்தார். சட்டை திறந்துகொண்டது. அவர் பாட்டை விடவில்லை. மஞ்சள் சில்லு ஒன்று தெறித்தது, குங்குமம் உதிர்ந்தது. உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது, நெடுநேரம் முக்காட்டுக்குள் கிடந்தவர் வெளியே வந்து மூச்சு விட்டதுபோல.

சிப்பாய்க்கும் அது கேட்டது. கண்ணை அகல விரித்து மூடியையே பார்த்தான்.

முதல் ஹேண்டிலுக்கு லாரி உறுமியது. இரண்டாவதற்குப் பிடித்துக்கொண்டது.

பொங்கோல் போய்ச் சரக்கு ஏற்றி, வழியில் ஓரிடத்திலும் நிற்காமல், வெயில் ஏறுமுன் கிடங்கு வாசலில் நிறுத்தினார்கள். அதிகாரி சிப்பாயிடம் ஏதோ கேட்டான். சிப்பாய் ஏதோ சொன்னான். நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அதிகாரி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒலி முகம்மதுவைப் பார்த்துப் போ என்று கையை அசைத்தான். சீட்டைக் கேட்கவில்லை. சிப்பாய் போகிறபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, லாரியின் மூடிக்கு லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனான்.

திரும்பி வரும் வழியில் ஏரம்பமூர்த்தி சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். "இனி நான் வண்டியில பொட்டு வைக்கமாட்டன்" என்றார்.

"யாரு வைக்க வேணாம்னது? சக்கரத்துல வைங்க, கதவுல வைங்க, என் நெத்தியில வேணும்னாலும் வைங்க. மூக்க மட்டும் விட்டுருங்க."

"உங்கட நெத்தியிலயோ? ஜரீனா என்னைச் சயாமுக்கு அனுப்பிப் போடுவா."

ஒலி முகம்மது சிரித்த சிரிப்பில் லாரி கொஞ்சம் ஓரம் போய் வந்தது.

கொட்டகை வாசலில் ஜரீனா நின்றிருந்தாள். லாரிச் சத்தம் தெரு முனையில் கேட்டதுமே வெளியே வந்திருக்க வேண்டும், கையில் மாவு காயவில்லை. கொடியில் தம்பியின் கைலி காய்ந்துகொண்டிருந்தது.

"வண்டிக்கு என்ன?" என்று கேட்டாள்.

"மூக்கு அடச்சிருந்துச்சு."

அவள் அவர் கன்னத்திலிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றாள். "கிராணி அண்ணனையும் வரச் சொல்லுங்க. சட்டையக் கழட்டித் தரட்டும், பித்தான் ரெண்டு வச்சிருக்கேன்."