மூன்று போட்டவர்

அவர் வீட்டுக்கு நாங்கள் போனது வியாழனா வெள்ளியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் பங்கை மட்டும் கொஞ்சம் வெள்ளையடித்து நினைவில் வைத்திருக்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு.

காப்பீட்டு விண்ணப்பங்களை அவரவர் வீட்டிலிருந்து சரிபார்க்கும் நால்வர் குழு நாங்கள். மாதக் கடைசியில் ஒரு படிவம் வரும்: 'வாழ்க்கையில் எவ்வளவு நிறைவாக இருக்கிறீர்கள்?' பத்துக்கு மதிப்பெண். குழுவின் சராசரி இரண்டு மாதம் தொடர்ந்து ஏழுக்குக் கீழே போனால் எல்லோரும் அலுவலகம் திரும்ப வேண்டும். கழுத்து வலியோடு, வீட்டாரிடம் எரிந்து விழுந்துகொண்டே நாங்கள் மூவரும் எட்டு போடுவோம். அந்த மாதம் சராசரி ஆறே முக்கால். நாலாவது ஆள் மூன்று போட்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

தனிக்கட்டை. எங்களில் மூத்தவர். எனக்கு அவர்மேல் இளக்காரம்தான். ஒரு பொய்க்குக்கூடத் துப்பில்லாத மனிதர்.

மிரட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனோம். பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார். டீயை மூன்று முறை ஊற்றினார்.

"அண்ணா, ஒரு நம்பர்தானே? எட்டுனு போட்டா விரல் தேஞ்சிடுமா?" என்றாள் குழுத்தலைவி. அவளுக்குக் கைக்குழந்தை.

"பொய் எழுத வரலைம்மா. நாள் பூரா என் குரலை நானே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஒரு ரேடியோ வாங்கி வைங்க சார்," என்றான் எங்களில் இளையவன். சிரித்தோம். அவரும் சிரித்தார். தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த படிவத்தில் சராசரி எட்டேகால்; அவர் ஒன்பது போட்டிருந்தார்.

"பாத்தியா, தட்டினாதான் வழிக்கு வர்றாரு," என்றாள் குழுத்தலைவி.

நான் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"நீங்க வந்தீங்களேப்பா. நெசமாவே ஒன்பதுதான். அடுத்த மாசமும் வருவீங்கல்ல?"

"வர்றோம் சார்," என்றேன்.

போகவில்லை. காரியம் முடிந்த வீட்டுக்கு யார் மாடியேறுவார்கள்? எங்கள் நிறைவைக் கண்டு நிர்வாகமும் நிறைவடைந்து, அந்த மாதமே அலுவலகத்தைக் காலி செய்தது. திரும்பிப் போக இடம் இல்லாததால் படிவமும் நின்றது.

அவர் வேலையை விட்டு, பாதிச் சம்பளத்துக்கு, நாள் பூரா ஆட்கள் வந்து போகிற ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தார். குழுத்தலைவிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இளையவன் வேறு நிறுவனத்துக்குப் போனான். அங்கும் வீட்டிலிருந்தே வேலை. நான் அதே குழுவில் இருக்கிறேன். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை.