கம்பளியில் உட்காராத சம்பந்தி

ஜூஜுவாடி கங்கப்பன் உட்கார்ந்தே பெரிய மனிதரானவர். ஆயில் இன்ஜின் பூட்டிய அரிசி மில்லின் வாசலில் பலகை நாற்காலி போட்டு, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அதிலேயே இருப்பார். ஏர் பிடித்த காலத்தில் தின்ற கேழ்வரகுக் களியும் கீரையும் மில்காரருக்கு அழகில்லை என்று விட்டுவிட்டார். மூன்று வேளையும் தீட்டிய வெள்ளைச் சோறு, மிளகாய் மிதக்கும் குழம்பு. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று அதையும் குறைத்தார். காலையில் வயிறு கூப்பிட்டால், "இந்த மூட்டை முடியட்டும்" என்று அதற்கும் தவணை சொன்னார். கடவுள் கொடுத்த உடம்பு பொறுமையானதுதான். அதற்காக எத்தனை வருஷம் பொறுக்கும்? ஐம்பதாவது வயதில் கங்கப்பனுக்கு மூலம் வந்தது.

மனைவி பாப்பம்மாவைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை. வைத்தியரிடம் காட்டவும் வெட்கம்.

இந்த நிலைமையில்தான் மகன் முனிராஜுக்கு மத்திகிரியில் பெண் அமைந்தது. பெண் நாகம்மா. அவள் அப்பா நாராயணப்பன் அரசாங்க மாட்டுப் பண்ணையில் மேஸ்திரி. முனிராஜ் இந்தப் பெண்ணைத் தவிர வேறொருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மீதியிருந்தது ஒரு சடங்குதான். பெண் வீட்டார் கம்பளி விரிப்பார்கள். பிள்ளையின் தகப்பன் அதில் உட்கார்ந்து தாம்பூலம் வாங்கினால் சம்மதம். உட்காராமல் போனால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் அது வாயால் சொல்வதைவிடக் கெட்டியான பேச்சு.

மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம். கங்கப்பன் வழி முழுக்க முட்டி போட்டுக்கொண்டு, வண்டியின் முளைக்குச்சியைப் பிடித்தபடி வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் வாயில் ஒரு சாமி பெயர் வந்தது.

"மில்லுல ஒக்காந்தப்ப இந்தச் சாமிங்க ஒண்ணும் ஞாபகம் வரலியே" என்றாள் பாப்பம்மா.

மத்திகிரியில் கறுப்புக் கம்பளி விரித்திருந்தது. பிள்ளை வீட்டு ஆட்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். நடுவிடம் கங்கப்பனுக்குக் காலியாக இருந்தது. அவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒக்காருங்க சம்மந்தி" என்றார் நாராயணப்பன்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"தண்ணி குடிச்சிட்டாவது ஒக்காருங்க."

"காத்து நல்லா வருது. நிக்கறேன்."

பெண்ணின் அம்மா வெள்ளையம்மாவின் முகம் சுருங்கியது. உள்ளே நாகம்மாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. நாராயணப்பன் மெதுவாகச் சொன்னார். "நாளைக்குப் பாகலூர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு மனசு இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வருத்தப்படமாட்டோம்."

முனிராஜ் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அதைத் தாங்க முடியாமல் கங்கப்பன் வாயில் வந்ததைச் சொன்னார். "மனசெல்லாம் இருக்குது. வெங்கட்ரமண சாமிக்கு ஒரு வேண்டுதல். இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் ஒக்கார்றதில்லேன்னு."

வெள்ளையம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாராயணப்பனுக்கு முகம் மலர்ந்தது. "அப்படியா சேதி! சாயந்திரமே தாம்பூலம் மாத்திக்கலாம். சாமி காரியமா நீங்க நிக்கறப்ப நாங்க ஒக்காந்திருக்கறதா? எல்லாரும் எழுந்திருங்கப்பா."

வீடே எழுந்து நின்றது. அப்போது காலை பத்து மணி.

நல்ல ஜனங்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. நாராயணப்பனின் பெரியப்பா ஆஞ்சப்பன் அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்தார். எழுபது வயது, வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவரும் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"நீங்க ஒக்காருங்க பெரியவரே" என்று கங்கப்பன் பதறினார்.

"சாமிகாரியத்துல நீங்க நின்னிருக்கீங்க. நானு கூத்கொண்ட்ரே பாப பருத்தெ" என்று பாதி கன்னடத்தில், உட்கார்ந்தால் பாவம் வரும் என்று மறுத்துவிட்டார் அவர்.

அரைமணி நேரம் போனது. ஆஞ்சப்பனின் தடி நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வேர்வை. அப்படியும் அவர் கங்கப்பனைப் பார்த்துச் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு கங்கப்பனுக்கு வண்டிப் பள்ளத்தைவிட அதிகமாக வலித்தது. தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு கிழவரின் முழங்காலைச் சாமி பெயரால் வதைக்கிறோமே என்று இருந்தது.

"பெரியவரே, ஒக்காருங்க. எல்லாரும் ஒக்காருங்க. எனக்கு வேண்டுதலும் இல்லே, ஒண்ணும் இல்லே" என்றார் அவர். "எனக்கு மூலம். ஒக்கார முடியலே. சொல்ல வெக்கமா இருந்துச்சு. சாமி மேல பழியப் போட்டேன்."

ஆஞ்சப்பன் பெருமூச்சு விட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தார்.

நாராயணப்பன் சிரிக்கவில்லை. பண்ணையில் நோஞ்சான் மாட்டைப் பார்க்கும் கவனத்தோடு சம்பந்தியைச் சுற்றி வந்தார். "எத்தினி நாளா?"

"எட்டு மாசமா."

"தின்றது என்னா?"

"வெள்ளைச் சோறு."

"கீரை, காய்?"

"மில் வச்சதுலருந்து இல்லே."

"பச்சைத் தீவனம் இல்லாம, தண்ணியும் காட்டாம, கட்டுத்தறியிலேயே நிறுத்தி வச்சா எங்க பண்ணை மாட்டுக்கே சாணி கல்லாப் பூடும். நீங்க மனுசன். முக்காதீங்க, அடக்காதீங்க. களி தின்னுங்க, கீரை தின்னுங்க, சொம்பு சொம்பாத் தண்ணி குடிங்க. மணிக்கொரு தரம் எழுந்து மில்லைச் சுத்தி வாங்க. ராத்திரி அகலப் பாத்திரத்துல பொறுக்கற சூட்டுல வெந்நீர் ஊத்தி ஒக்காருங்க. ரத்தம் போகுதா?"

"அப்பப்ப."

"அப்படின்னா வெக்கத்தை விட்டுட்டு டாக்டர்கிட்டே காட்டுங்க. நான் மாட்டுக்குத்தான் மேஸ்திரி."

இதற்குள் வெள்ளையம்மா உள்ளே போய், தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைக்கும் சும்மாடு ஒன்றைப் பழம்புடவையில் பெரிதாகச் சுற்றி, கம்பளியின் நடுவில் வைத்தாள். கங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் இறங்கினார். உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதத்தில் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பாப்பம்மா பார்த்ததில்லை. தாம்பூலம் கை மாறியது. உள்ளே மறுபடி வளையல் சத்தம் கேட்டது.

"இன்னும் யாருக்காவது வேணுமா?" என்று வெள்ளையம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பிள்ளையின் தாய்மாமன் முனிசாமி உட்கார்ந்த நேரமெல்லாம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தார். இப்போது அவர் மிகவும் அக்கறையாகக் கூரையைப் பார்த்தார்.

கங்கப்பன் அவர் தொடையைத் தட்டினார். "சொல்லிடு மச்சான். சொன்னா பாதி நோவு போவுது."

முனிசாமி ஒரு விரலைத் தூக்கினார். வாசற்பக்கம் இன்னும் இரண்டு விரல்கள் எழுந்தன. வெள்ளையம்மா பழம்புடவை தேடி உள்ளே போனாள்.