மதகு திறந்த மீன்

கொல்கத்தாவுக்குக் கிழக்கே, ஊர் முடிந்து மீன்குளங்கள் தொடங்கும் இடத்தில், சுற்றுக் கிராமங்களின் சாக்கடையைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் எஞ்சினியர் நான், சண்முகம். நான் சுத்தம் செய்த தண்ணீர் கால்வாய் வழியாகக் கீழே உள்ள மீன்குளங்களுக்குப் போக வேண்டும். போகவில்லை. மதகின் சாவி மீனவர் சங்கத் தலைவர் நிதாய் மண்டலின் இடுப்பில் தொங்கியது. திறக்கமாட்டேன் என்று மனிதர் ஒரே பிடியாக நின்றார்.

"சோப்பு நாத்தம் மீன்ல ஏறிடும் பாபு. அப்புறம் எங்க மீனை எவன் வாங்குவான்?"

ஆய்வகச் சான்றுகளை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மதகு திறக்காவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு, பழையபடி சாக்கடையை அப்படியே ஆற்றில் விடச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டிருந்தது. இத்தனை உழைப்பும் சாக்கடையோடு போய்விடும்!

கடைசியில் ஒரு சமரசம். என் தண்ணீரை ஒரு சின்னக் குளத்தில் நிரப்பி மீன் விடுவது, வளர்ந்ததும் சமைத்து ருசி பார்ப்பது. துள்ளிக் குதித்துச் சம்மதித்தேன். ருசி பார்க்கப்போவது யார் என்று கேட்கத் தோன்றவில்லை, புத்திசாலி.

மீன் வளர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ரஞ்சனாவோடு விருந்துக்குப் போனேன். குளக்கரையில் சங்கமே கூடியிருந்தது. கடுகுக் குழம்பில் மிதக்கும் பாட்டா மீனோடு ஒரு தட்டு என் முன்னால் வந்தது. உடம்பெல்லாம் முள்ளுள்ள மீன் அது.

"சாப்பிடுங்க பாபு. உங்க தண்ணி, நீங்க தின்னா நாங்க நம்புவோம்," என்றார் நிதாய்.

நாங்கள் திருநெல்வேலிச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டோம் என்று விளக்கினேன். தான் சமைத்ததைத் தானே தின்னாத சமையல்காரனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

"நகருங்க," என்று தட்டை இழுத்துக்கொண்டாள் ரஞ்சனா.

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள்தான் என்றாலும் அவளும் சைவக் குடும்பம். எனக்காக இப்படியொரு தியாகமா என்று கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. விரலால் ஓர் அழுத்து, ஓர் இழுப்பு; நடுமுள் முழுசாக வந்தது. பொடிமுள்ளை வாய்க்குள்ளேயே பிரித்துத் தட்டோரம் ஒதுக்கினாள். கடைசியில் தலையையும் உறிஞ்சினாள். கூட்டம் மூச்சு விடவில்லை. நானும்தான், வேறு காரணத்தால்.

"சோப்பு வாடை இல்ல, சேத்து வாடையும் இல்ல," என்று சுத்தமான வங்காளத்தில் தீர்ப்புச் சொன்னாள். "கடுகுதான் கசக்குது. அரைக்கும்போது பச்சை மிளகாயும் உப்பும் சேக்கலையா?"

நிதாய், சமைத்த தன் மனைவியைத் திரும்பி ஒரு முறை முறைத்தார். பிறகு மறுபேச்சில்லாமல் சாவியை அவிழ்த்தார்.

தண்ணீர் குளத்துக்குள் பாய்ந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் ஜீப்பில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"எத்தனை நாளா நடக்கு இது?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே. இப்ப பக்கத்து வீட்டு சுப்ரியா அக்கா வீட்ல. செவ்வாய்க்கிழமை மட்டும்."

"செவ்வாயா? அன்னைக்கு நான் முருகனுக்கு விரதம்லா!"

"அதனாலதாங்க. அன்னைக்குத்தான் நம்ம வீட்ல சமையல் கிடையாது."

வருஷக்கணக்காக விரதம் இருக்கிறேன். அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபப்படலாம் என்றால், மதகைத் திறந்ததும் அந்த விரதம்தான்.