சிலோன் கொப்பரை

அப்துல் ஜலீலுக்கு மைக் வேண்டாம் என்று மட்டாஞ்சேரியில் சொல்வார்கள். கொச்சங்காடியில் கப்பலில் வரும் சிலோன் கொப்பரையை அடுக்கும் கிட்டங்கியில் நாற்பது சுமைக்காரர்களுக்கு அவன்தான் மூப்பன். வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் படகுத்துறையில் இருப்பவன் ஓடிவருவான். ஐம்பத்தேழு தேர்தலில் டில்லிக்குப் போக நின்ற வக்கீல் விஸ்வேஸ்வரன் அந்தக் குரலைத்தான் தேடி வந்தார்.

"சிலோன் கொப்பரையை நிறுத்தணும்னு தோப்புக்காரங்க துள்ளுறாங்க. நான் விடமாட்டேன். கப்பல் வந்தாத்தான் நமக்குக் கஞ்சி!" என்று கொச்சங்காடி முக்கில் வக்கீல் பேசினார். சுமைக்காரர்கள் தலைத்துண்டைச் சுழற்றினார்கள். ஜலீலின் தங்கை ஆரிஃபாவின் புருஷன் ரஷீதும் அந்தக் கிட்டங்கியில்தான் மூட்டை தூக்கினான். அவன் வக்கீலைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாதித் தெரு நடந்தான்.

மூன்றாம் நாள் கும்பளங்கியில் கூட்டம். ஜலீல்தான் கூவி ஆள் சேர்த்தான். வந்தவர்கள் எல்லாம் பத்துத் தென்னை, இருபது தென்னை வைத்துப் பிழைப்பவர்கள்.

"உங்க தேங்காய்க்கு விலையில்லாமப் போனது எதனால? அந்தச் சிலோன் கொப்பரையால! என்னை அனுப்புங்க. ஒரு சாக்குகூட இறங்க விடமாட்டேன்!" என்றார் வக்கீல்.

கைதட்டல் ஓயவில்லை.

திரும்பும் வள்ளத்தில் கேட்டான். "என்ன வக்கீலே இது?"

"அங்கே சாக்கு, இங்கே மரம். ரெண்டும் வோட்டுதானே ஜலீலே. உன்னைக் கிட்டங்கியிலேர்ந்து யாரும் அசைக்க முடியாது. அதுக்கு நான் பொறுப்பு."

மறுநாள் சாயாக்கடையில் ரஷீது ஜலீலின் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், கும்பளங்கியில மாத்திப் பேசினாராமே? நேராச் சொல்லு. நீ சொன்னா நாப்பது பேரும் கேப்போம்."

"பொய்டா. எதிராளிங்க கிளப்பிவிட்டது." வாயில் வந்த வேகம் ஜலீலுக்கே திக்கென்றிருந்தது.

வக்கீல் ஜெயித்தார். அடுத்த வருஷம் சிலோன் கொப்பரை நின்றது. அவர்தான் நிறுத்தினாரோ, வேறு யாரோ. கும்பளங்கியில் அவருக்கு மாலை விழுந்தது. கிட்டங்கியைப் பூட்டினார்கள். மூப்பனுக்கும் வேலை இல்லை. ரஷீது கலூர்ப் பக்கம் லாரியில் மரம் ஏற்றப் போனான். பழகாத வேலை. மழையில் மரத்தடி உருண்டு நெஞ்சில் ஏறியது. இரண்டு நாள் கிடந்து மௌத்தானான்.

அறுபத்திரண்டு தேர்தலுக்கு வக்கீல் மறுபடி அதே முக்குக்கு வந்தார். அவர் பேச எழுந்தபோது ஜலீல் மேடையேறி முன்னால் வந்து நின்றான்.

"கும்பளங்கியில கொப்பரையை நிறுத்துறேன்னு இவர் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். ரஷீது கேட்டப்போ பொய்னுட்டேன். உங்களை ஏமாத்தினதுல நானும் உண்டு."

கூட்டத்திலிருந்து கல் வந்தது. வக்கீலைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மேடையில் ஜலீல் மட்டும் நின்றான். ஓடவில்லை.

வக்கீல் மறுபடி ஜெயித்த செய்தி வந்த அன்று, கல் பட்ட தலையில் கட்டோடு ஜலீல் தங்கை வீட்டுக்குப் போனான். ஆரிஃபா வாசற்படியை விட்டு நகரவில்லை.

"அண்ணே, நீ அன்னைக்கே சொல்லியிருந்தா கப்பல் வந்திருக்குமா?"

"வந்திருக்காதும்மா."

"அப்போ சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? என் புருஷன் கடைசிவரைக்கும் உன்னை நம்பினாரே."

ஜலீல் வாய் திறந்தான். குரல் வரவில்லை. அவள் கதவைச் சாத்தினாள்.