நோராவை வரவழைத்த பொய்

பொயிண்ட் குக் என்ற புறநகரில் புஷ்பவல்லியின் வீட்டில் வாடகைக்கு இருந்த ஓர்லா, அயர்லாந்திலிருந்து வேலைக்காக வந்த நர்ஸ். வந்த நாள் முதல் அவள் தாயை நேரில் பார்க்கவில்லை. தாய் நோராவுக்கு விமானம் என்றாலே பயம். ஒருநாள் ஓர்லா குளியலறையில் அழுவது புஷ்பவல்லிக்குக் கேட்டது.

ஓர்லா தாயோடு பேசிய அடுத்த வீடியோ அழைப்பில் புஷ்பவல்லி குறுக்கே புகுந்து, "உங்கள் மகளுக்கு மூக்குக் குத்திக் கலியாணம் பேசுகிறோம்," என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டாள்.

"ஏனப்பா உந்தப் பொய்?" என்றார் கணவர் ராஜரத்தினம்.

"பொறுங்கோ, தாய் மனுசி பயத்தை மறந்து ஓடி வரும்."

அடுத்த வாரமே நோரா வாசலில் நின்றாள். மகளின் மூக்கைத் தடவிப் பார்த்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு நோரா புஷ்பவல்லியை முறைத்தாள்.

"மாப்பிள்ளை எங்கே?"

"தாய் வராமல் எப்படிப் பார்ப்பது? உட்காருங்கள், தேநீர் போடுகிறேன்."