ஒன்றே முக்கால் சுற்று

புகை அளக்கும் குழாயை வண்டியின் பின்னாலிருந்து உருவிய பரிசோதகர், தாளில் எண்களைக் குறித்துக்கொண்டு தலையாட்டினார். நல்ல எண்கள்தான். முந்தின நாள்தான் பிளக்குகளைத் துடைத்து மாட்டியிருந்தேன். பிறகு முன்மூடியைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்து உள்ளே எதையோ தேடினார். அவர் தேடியவற்றைப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் கழற்றிப் போட்டவன் நான்தான்.

"புகையில ஒரு குறையும் இல்ல சார்," என்றார். "ஆனா கம்பெனியிலேருந்து வந்தப்ப இருந்த சாமான் ஒண்ணுகூட இங்க இல்லையே. கார்புரேட்டரே வேற."

புது விதி அப்படி. இந்த வயதுள்ள வண்டிகளில் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எல்லாம் முதலில் இருந்தபடியே இருக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம். இல்லையென்றால் வண்டியை நசுக்கக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கார்புரேட்டர் என்பது ஓர் உலோகத் தொண்டை. நடுவில் அது குறுகும். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அதன் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிப் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஊசித் துளை வழியாகத் தானே ஏறி வரும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, அந்த வேலையைச் செய்வது வெறும் வடிவம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்கிறவர்களுக்குத்தான் அலுத்துப்போகும். லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், வேலை செய்தபடியே கதவுக்கு வெளியிலிருந்து அது ஏன் கீழே விழாது என்று விளக்குவேன். பெரும்பாலும் அழுகை நின்றுவிடும். விளங்கிவிட்ட ஒன்றைக் கண்டு மனிதன் பயப்பட மாட்டான் என்று அப்போதெல்லாம் நம்பியிருந்தேன்.

வண்டியோடு வந்த கார்புரேட்டர் இவ்வளவு எளிமையானதல்ல. அதிலிருந்து பதினேழு ரப்பர் குழாய்கள் கிளம்பி நாலா பக்கமும் போகும். தொட்டியில் ஆவியாகும் பெட்ரோலைப் பிடித்துவைக்க ஒரு கரி டப்பா. வெளியேறும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பி நெருப்பின் சூட்டைத் தணிக்க ஒரு வால்வு. எரியாமல் தப்பியதை வெளியேறும் வழியிலேயே எரித்துவிட, காற்றை ஊதும் ஒரு பம்ப். ஒவ்வொன்றும் யாரோ கெட்டிக்காரன் யோசித்தது. ஆனால் ரப்பர் வெடித்துவிட்டால் போச்சு. எந்தக் குழாயில் காற்று கசிகிறது என்று தெரியாமல் எஞ்சின் சிக்னலுக்குச் சிக்னல் உயிரைவிடும்.

அப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் பேசுவதில்லை. வண்டி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். தழும்புகள் இன்றும் இருக்கின்றன.

ஒரு விடுமுறை நாளில் அத்தனையையும் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியின் எளிய கார்புரேட்டரை மாட்டினேன். கலவையைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு சின்னத் திருகு உண்டு. முழுக்க மூடிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வர வேண்டும். அவன் முன் சீட்டில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று திறந்தேன். ஒன்றரை. ஒன்றே முக்காலில் அவன் ஆட்டம் நின்றது. கன்னத்தை டாஷ்போர்டின்மேல் வைத்து, எஞ்சின் போட்ட அதே சுருதியில் 'ம்ம்ம்' என்றான். அதற்குப் பிறகு அந்தத் திருகை நான் தொடவே இல்லை. வண்டியில் போக வேண்டுமென்றால் வாசலில் நின்று அந்தச் சுருதியைப் பிடிப்பான். பெல்ட் தளர்ந்தால் எனக்கு முன்னால் அவன் முகம் சுளிக்கும். என் மைத்துனன் அவனை 'இன்ஜினியர் சார்' என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது அவனுக்கு இருபது. அட்டைப்பெட்டி மடிக்கும் ஒரு பகல்நேர மையத்துக்குப் போய்வருகிறான். வேறு வண்டியில் ஏற மாட்டான். ஒரு முறை டாக்சியில் ஏற்றினோம், ஓடும்போதே கதவைத் திறந்துவிட்டான். அவன் மையத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் என் மனைவி மருந்துக்கடை வேலைக்குத் திரும்பினாள். மையத்தில் அந்த இடம் கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தோம். எங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். தொடர்ந்து பன்னிரண்டு வேலைநாள் வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வண்டியைத் தேற்ற எனக்குப் பதினோரு வேலைநாள் பிடித்தது, அத்தனை நாளும் அவன் மையத்துக்குப் போகவில்லை.

பழைய கார்புரேட்டர் நல்லவேளையாகப் பரணில் தகர டப்பாவுக்குள் இருந்தது. கரி டப்பாவும் வால்வும் பழைய வண்டிகளை உடைத்து விற்பவரிடம் கிடைத்தன. பம்பும் அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் தர வேண்டுமென்றால் என் வண்டியில் இப்போது ஓடும் எளிய கார்புரேட்டர் வேண்டும் என்றார். "துடைச்சுக் கொண்டாங்கண்ணே, அதைக் கேட்டு ஒருத்தர் தினம் உசிரை எடுக்கிறாரு." யோசிக்கவே இல்லை. இனி அது எனக்கு எதற்கு?

நான் பராமரிக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி வேலை செய்தேன். முன்மூடியின் உள்பக்கம் குழாய்களின் வரைபடம் ஒட்டியிருக்கும். சூட்டில் பாதி மங்கிப்போன கோடுகளை விரலால் தடவித் தடவித் தொடர்ந்தேன். பதினேழும் அதனதன் இடத்தில் பொருந்தின. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கழற்றிய கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகன் வந்தான். அதை இரண்டு கையாலும் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"யாருக்கோ ஃபோன் போட்டுட்டான்," என்றாள் மனைவி. "லைன் கிடைக்கல போல."

இருவரும் சிரித்தோம். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க முடிந்தது. மறுநாள் பம்ப் வந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி தேறிவிட்டது. பரிசோதகர் ஒவ்வொரு கருவியாக விரலால் தொட்டு எண்ணி, கார்புரேட்டரின் போல்ட்டுகளில் கம்பி கோத்து ஈய முத்திரை வைத்தார். "இதுக்கப்புறம் கையே வைக்கக் கூடாது சார்," என்றார். "இந்தக் காலத்துல யாரு இவ்வளவு சிரத்தையா பண்றாங்க?" வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

திங்கள்கிழமை. பன்னிரண்டாவது வேலைநாள். மகன் குளித்து, தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று 'ம்ம்ம்' என்றான். வண்டியை எடுத்துவந்து அவன் முன்னால் நிறுத்தி, உட்கார்ந்தபடியே எட்டிக் கதவைத் திறந்தேன்.

அவன் வரவில்லை. கோபப்படவும் இல்லை. தெரியாத யாரோ ஒருவரின் வண்டியைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் நானும் கேட்டேன். எஞ்சினின் சத்தத்துக்கு அடியில் பம்ப் மெல்லியதாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. சுருதியும் அதுவல்ல, அரை ஸ்வரம் கீழே. மூன்று நாளாக ஓட்டுகிறேன், என் காதில் விழவில்லை. சரியாக வேலை செய்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆக்சிலரேட்டரைக் கால்விரலால் மெல்ல அழுத்தினேன். சத்தம் உயர்ந்தது. ஒரு கணம் அந்தச் சுருதி வந்தது. அவன் சட்டென்று திரும்பினான். ஆனால் பம்ப் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது, எஞ்சின் ஏறினால் அதன் ஊளையும் ஏறும். அவன் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனிடம் விளக்கினேன். வேறென்ன தெரியும் எனக்கு? இது அதே வண்டிதான் ராசா, இந்தப் பம்ப் காற்றை ஊதுது, அதனாலதான் இந்தச் சத்தம், பயப்பட ஒண்ணுமில்ல என்று. அவன் என் வாயைக்கூடப் பார்க்கவில்லை.

பம்ப் தந்த கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். நான் கொண்டுபோன அன்றே அந்தக் கார்புரேட்டர் கைமாறிவிட்டது, வாங்கியவர் யாரென்று தெரியாது என்றார். அதே மாதிரி இன்னொன்று வேண்டுமானால் தேடிப் பார்க்கலாமாம். இன்னொன்று உதவாது என்பதைக்கூட என்னால் விளக்க முடியும். அந்தத் தொண்டைக்குள் காற்றைத் தடுக்கும் தகட்டின் அச்சு தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தின் வழியே மயிரிழை அளவுக்குக் காற்று கசிந்தது. அந்தக் கசிவும் ஒன்றே முக்கால் சுற்றும் சேர்ந்ததுதான் அந்தச் சுருதி. வேறெதிலும் அது வராது.

"நம்ம ஃபோன்ல எங்கேயாவது அந்தச் சத்தம் இருக்காங்க?" என்று கேட்டாள் மனைவி. மருந்துக்கடைச் சீருடையில், கையில் ஃபோனோடு படியில் நின்றிருந்தாள்.

"இல்ல."

"பதினோரு வருஷமா கேட்டோம்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் காதுல வெச்சுக் காட்டினானேங்க."

ஒன்பதே கால். மையத்தின் கதவை ஒன்பதரைக்கு மூடிவிடுவார்கள். அவள் கையில் ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்தாள், மையத்திலிருந்து. எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகன் பையின் வாரைச் சரிசெய்துகொண்டு நடந்தான். எனக்குள் எதுவோ எம்பியது. ஆனால் அவன் திறந்திருந்த கதவைத் தாண்டி, வண்டியின் மூக்கையும் தாண்டி, தெரு தெரியும் இடத்துக்குப் போய் நின்றான். ஒவ்வொரு மாலையும் எங்கள் வண்டி திரும்பி வரும் வளைவைப் பார்த்தபடி 'ம்ம்ம்' என்றான்.

எஞ்சினை அணைத்தேன். இப்போது அவன் குரல் மட்டும் கேட்டது. அதில் ஒரு பிசிறுகூட இல்லை. ஸ்டியரிங்கின்மேல் கிடந்த என் வலது கையின் இரண்டு விரல்கள், அங்கே இல்லாத ஒரு திருகைப் பிடித்து மெல்லத் திறந்துகொண்டிருந்தன.